கல்லாப்பெட்டியருகே ஒரு துப்பறிவாளர்

கொலை என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் சாதுவான மனிதர்கள்கூட, கொலைக் கதை என்றால் நள்ளிரவு வரை விளக்கை அணைக்காமல் படித்துக்கொண்டிருக்கின்றார்களே, அது ஏன்? எறும்பை மிதிக்கவும் அஞ்சும் பாட்டி, "யார் கொன்றான் என்று சொல்லிவிடாதே, நானே கண்டுபிடிக்கிறேன்" என்று பேரனை அதட்டுகின்றாளே, அதன் காரணம் யாது?

காரணம் மிக எளிது. வாழ்க்கையில் விழும் முடிச்சுக்களில் பல அவிழாமலே போய்விடுகின்றன. காணாமற் போன மோதிரம் கிடைப்பதில்லை. மொட்டைக் கடிதம் எழுதியவர் யாரென்று கடைசி வரை தெரிவதில்லை. துப்பறியும் கதையிலோ, கடைசி அத்தியாயத்திற்குள் ஒவ்வொரு முடிச்சும் அவிழ்ந்தே தீர வேண்டும். நாம் அங்கே தேடிச் செல்வது உண்மை வெளிப்படும் என்ற நிச்சயத்தையேயன்றி, சிந்தும் இரத்தத்தையன்று.

இந்த நிச்சயத்தை மிக மென்மையாக வழங்கும் ஒரு வகை நாவல் மேல்நாடுகளில் செழித்து வளர்ந்திருக்கின்றது. அதனை 'இதமான மர்மக்கதை' என்று நாம் அழைக்கலாம். அதில் குரூரமான காட்சிகள் இரா, ஆபாசம் இராது. களம் ஒரு சிற்றூராகவோ, ஒருவரையொருவர் அறிந்த ஒரு தெருவாகவோ இருக்கும். துப்பறிபவர் பொலிஸ் அதிகாரி அல்லர். சம்பளம் வாங்கும் தனியார் துப்பறிவாளருமல்லர். தம் பிழைப்பைத் தாம் பார்த்துக்கொண்டு, அண்டை வீட்டார் நலனில் சற்று அதிகமாகவே அக்கறை கொண்ட சாதாரண மனிதர் அவர். அவருள்ளும் இன்று பெரிதும் விரும்பப்படுபவர் யார் தெரியுமா? கடைக்காரர்! அதிலும் தேயிலைக் கடைக்காரர்!

தேயிலை விளையும் மலைகளில் வாழும் நமக்கு இச்செய்தி சற்றுச் சிந்தனையைத் தூண்ட வேண்டும். நாம் கொழுந்து பறித்து அனுப்பும் தூளை வைத்துக்கொண்டு, கடல் கடந்த நாட்டார் கடை நடத்துவதோடு நில்லாமல் கதையும் நடத்துகின்றனர். அவ்வாறாயின், ஹட்டன் கடைத்தெருவிலும் நுவரெலியாச் சந்தையிலும் இருக்கும் கடைக்காரர் ஏன் துப்பறியக் கூடாது?

பாதிரியார் முதல் பாட்டியார் வரை

துப்பறியும் தொழிலில் தொழில் அறியாதாரே முன்னோடிகள் என்பது விந்தையான உண்மை. 1841-இல் எட்கார் ஆலன் போ படைத்த தூப்பன் எந்த உத்தியோகத்திலும் இருந்தவரல்லர். செஸ்டர்ட்டன் தம் துப்பறிவாளருக்குப் பாதிரியார் அங்கியை அணிவித்தார். பாவமன்னிப்புக் கேட்க வருபவர்களிடமிருந்து மனித மனத்தின் இருண்ட மூலைகளைக் கற்றவர் அந்தப் பிரௌன் பாதிரியார். 1930-இல் வெளியான அகதா கிறிஸ்டியின் நாவலில் கிராமத்துக் கிழவியான மிஸ் மார்ப்பிள் தோன்றினார். உலகத்துக் குற்றங்கள் யாவற்றிற்கும் தம் கிராமத்தில் ஒரு முன்மாதிரி உண்டு என்பது அம்மூதாட்டியின் சித்தாந்தம். 'நம் ஊர்ப் பையன் ஒருவன் இப்படித்தான் செய்தான்' என்று தொடங்கி, பெரிய அதிகாரிகள் திகைத்து நிற்கும் வழக்கை அவர் தீர்த்து வைப்பார்.

கிறிஸ்டி அம்மையாரே தம் தொழிலறிவைக் கதையில் பயன்படுத்தியவர்தாம். முதலாம் உலக யுத்த காலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கூடத்தில் பணியாற்றியபோது பெற்ற விஷங்களைப் பற்றிய அறிவே அவருடைய கதைகளின் மூலதனமாயிற்று. ஒரு தொழிலில் ஊறியவரின் கண்ணுக்குப் புலப்படும் நுட்பம், மற்றவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடைக்காரர் துப்பறிவாளர் ஆவதன் இரகசியமும் இதுவே.

2001-ஆம் ஆண்டில் லாரா சைல்ட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'டெத் பை டார்ஜிலிங்' என்ற நாவலை வெளியிட்டார். சார்ள்ஸ்டன் நகரில் தேயிலைக் கடை வைத்திருக்கும் தியோடோசியா பிரௌனிங் என்ற பெண்மணி அதன் நாயகி. கலவை தயாரிப்பதில் வல்லவரான ஒரு முதியவரும், பலகாரம் செய்வதில் கெட்டிக்காரியான ஓர் இளம்பெண்ணும் அவருக்குத் துணை. அந்த வரிசையில் நாவல்கள் பல தொடர்ந்து வந்தன. தலைப்புக்களிற் பலவும் தேயிலை வகைகளின் பெயரைத் தாங்கியவை. 2023-இல் ஜெஸி சுட்டான்டோ என்ற எழுத்தாளரின் நாவலில் வேரா வாங் என்ற மூதாட்டி தோன்றினார். சான் பிரான்சிஸ்கோ நகரின் சீனர் தெருவில், வாடிக்கை குறைந்துபோன ஒரு தேயிலைக் கடையை நடத்துபவர் அவர். ஒரு நாள் காலை கடைக்குள் ஒரு பிணம் கிடக்கின்றது. பொலிசாருக்குத் திறமை போதாது என்று தாமே முடிவு செய்துகொண்டு, அவர் விசாரணையில் இறங்கிவிடுகின்றார். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவருக்கும் தேநீரும் உணவும் கொடுத்து, அதட்டி, அறிவுரை சொல்லி, இறுதியில் அவர்களையே ஒரு குடும்பம்போல ஆக்கிக்கொள்கின்றார். கொலையாளியைத் தேடப்போய்ச் சுற்றத்தைத் தேடிக்கொள்வதே அக்கதையின் இனிமை.

நம் மொழியில்

தமிழ் வாசகருக்கு மர்மக்கதை புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேல்நாட்டு மர்மங்களுக்குத் தமிழ் உடை தைத்துப் போட்டனர். தொழில் அறியாத் துப்பறிவாளர் என்ற வகையில் நம்மவர்க்கெல்லாம் தலைவர், தேவன் படைத்த சாம்புவே ஆவார். 1940-களில் ஆனந்த விகடனில் உலவிய இந்த சாம்பு, ஒரு வங்கியின் குமாஸ்தா. அசட்டுத்தனமாக ஏதோ செய்யப்போக, அது குற்றவாளியின் கழுத்தில் சுருக்காக விழுந்துவிடும். உலகம் அவரை மேதையென்று கொண்டாடும். அதிர்ஷ்டத்தையே மூளையாகக் கொண்ட அத்தகைய துப்பறிவாளரைப் பிற மொழிகளிற் காண்பது அரிது.

பின்னர் வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் இதற்கு நேர்மாறானவர், தொழில்முறைத் துப்பறிவாளர். ஆயினும் நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. சிக்கலான வழக்கு வந்துவிட்டால் அவருக்கு உடனே வேண்டியது தேநீர்! கோப்பை காலியாகக் காலியாக மூளை கூர்மையடையும். அந்தக் காலத்து வாசகர்களுள் எத்தனை பேர் சங்கர்லாலைப் பார்த்துத் தேநீர்ப் பிரியர்களானார்களோ, யார் கண்டது? அத்தேநீரின் தூள் எந்த மலையில் விளைந்தது, எவர் விரல் கிள்ளியது என்பதை மட்டும் அக்கதைகள் துப்பறியவில்லை.

ஈழநாட்டுத் தமிழ் நாவலின் பிறப்பும் ஒரு மர்மத்தோடு தொடர்புடையதே. 1885-இல் வெளிவந்த 'அசன்பேயுடைய சரித்திரம்' குழந்தைப் பருவத்திலேயே களவாடப்பட்ட ஒருவனின் கதை. அதனை எழுதிய சித்திலெவ்வை, மலைநாட்டின் தலைநகராம் கண்டியைச் சேர்ந்தவர். ஆகவே மலைநாட்டு மண்ணுக்கு மர்மக்கதை அந்நியமானதென்று எவரும் சொல்ல முடியாது.

மலையே ஒரு பூட்டிய அறை

இதமான மர்மக்கதைக்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும். வெளியுலகிலிருந்து ஓரளவு ஒதுங்கிய இடம். ஒருவரையொருவர் நன்கறிந்த மாந்தர். அந்நியர் வந்து போவதற்கு ஒரு காரணம். இம்மூன்றும் நம் மலைகளில் இயற்கையாகவே அமைந்துள்ளன.

தேயிலைத் தோட்டம் தனக்கென்று ஓர் ஆட்சியும் எல்லையும் கொண்ட சிற்றுலகம். உச்சியில் துரை பங்களா, அதன் கீழே உத்தியோகத்தர் வீடுகள், தேயிலைத் தொழிற்சாலை, பிள்ளைக் காம்பிரா, கோயில், அப்பால் வரிசையாக லயக் காம்பிராக்கள். பொழுது புலரும் வேளையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால், எவர் வந்தார், எவர் வரவில்லை என்பது அக்கணமே தெரிந்துவிடும். ஒரு காம்பிராவில் தும்மினால் அடுத்த காம்பிராவில் 'நூறு வயது' என்று வாழ்த்தும் அளவுக்கு மெல்லிய சுவர்கள். இத்தகைய இடத்தில் இரகசியம் ஒன்றைக் காப்பதே பெரும் சாகசம். அப்படிக் காக்கப்பட்ட இரகசியம் நிச்சயமாக ஒரு நாவலுக்குத் தகுதியுடையதாகவே இருக்கும்.

அந்நியர்களுக்கும் குறைவில்லை. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை, சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் ஹட்டன் புகையிரத நிலையத்தில் வந்து இறங்குகின்றனர். கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நுவரெலியாவுக்குச் சித்திரை மாதத்தில் உல்லாசப் பயணிகள் குவிகின்றனர். அவர்களுள் ஒருவர் கம்பளிப் போர்வைக்குள் எதை மறைத்து வந்திருக்கின்றாரோ, யார் அறிவார்? போதாக்குறைக்கு, பத்தடி தூரத்திலுள்ள ஆளின் முகத்தையும் மறைத்துவிடும் மூடுபனி வேறு. மர்மக்கதை எழுத்தாளர் பணம் கொடுத்தாலும் கிடைக்காத திரைச்சீலை அது.

இத்தனைக்கும் நடுவே, கடைத்தெருவில், கல்லாப்பெட்டியருகே அமர்ந்திருப்பவரே கடைக்காரர். மாதச் சம்பளம் போட்ட மறுநாள் யார் முகம் மலர்ந்திருக்கின்றது, யார் முகம் வாடியிருக்கின்றது என்பதை அவர் அறிவார். எந்த வீட்டில் விருந்தாளி வந்திருக்கின்றார் என்பதைக் கூடுதலாக வாங்கிய கோதுமை மா சொல்லும். எந்த வீட்டில் நோயாளி இருக்கின்றார் என்பதைக் கொத்தமல்லி சொல்லும். எவன் இரவில் கண்விழித்தான் என்பதை மண்ணெண்ணெய்ப் போத்தல் சொல்லும். பொலிசார் ஒரு வாரம் அலைந்து திரட்டும் தகவலை, கடன் கொப்பியின் நான்கு பக்கங்களைப் புரட்டி அவர் பெற்றுவிடுவார்.

தூள் சொல்லும் துப்பு

கடைக்காரரின் தொழிலறிவும் கைகொடுக்கும். தேயிலைத் தூளையே எடுத்துக்கொள்வோம். தேயிலைச் சுவைஞர் என்ற உத்தியோகத்தர் நாள்தோறும் செய்வதும் ஒருவகைத் துப்பறிதல்தான். நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள் இட்டு, ஆறு நிமிஷம் ஊறவைத்துச் சுவைக்க வேண்டும் என்பது சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட முறை. அவர் ஒரு கரண்டியை ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரப்பி, உடனே துப்பிவிடுவார். இலை எந்த உயரத்தில் விளைந்தது, வாட்டியதில் குறையா, உலர்த்தியதில் குறையா என்றெல்லாம் அந்த ஒரு கரண்டி அவருக்குச் சொல்லிவிடும். தமிழ் மொழியின் குறும்பைப் பாருங்கள்: ஒருவர் துப்பி அறிகின்றார், மற்றவர் துப்பு அறிகின்றார்!

கலப்படத் தூளைக் கண்டுபிடிக்கும் உபாயங்கள் சில நம் இல்லத்தரசிகளுக்கும் பயன்படும். மை ஒற்றும் தாளை நனைத்து, அதன்மேல் சிறிது தூளைத் தூவுங்கள். பின்னர் தாளை நீரில் அலசி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூளாயின் தாளில் கறை படியாது. சாயம் ஏற்றிய தூளாயின் வண்ணப் புள்ளிகள் உடனே தெரிந்துவிடும். தூளின்மேல் ஒரு காந்தத்தை மெல்ல ஓட்டுங்கள். இரும்புத்தூள் கலந்திருந்தால் அது காந்தத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு சோதனைகளை மட்டும் வைத்துக்கொண்டே சுவையானதொரு சிறுகதையை எழுதிவிடலாம். நல்ல தூள் மூட்டையில் கழிவுத் தூளை மாற்றி வைத்தவன் யார்? எந்த இரவில்? யாருடைய வண்டியில்?

ஒரு முடிச்சைக் கற்பனை செய்வோம்

கொலை இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பின்வரும் நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம், தோட்டத்து அலுவலகத்திலிருந்து முற்பணத்தின் ஒரு பகுதி காணாமற் போகின்றது. அதே வாரத்தில் லயத்து இளைஞன் ஒருவன், கடையில் ஒரு வருஷமாக நின்ற கடனை ஒரே தவணையில் தீர்த்துவிடுகின்றான். வேறென்ன சாட்சி வேண்டும்? சந்தேகம் அவன் தலையில் விழுகின்றது. அவனோ பணம் எங்கிருந்து வந்ததென்று வாய் திறக்க மறுக்கின்றான்.

கடைக்காரருக்கு மட்டும் உண்மை தெரியும். அவ்விளைஞனின் தாய் பதினொரு மாதமாக, சம்பளந்தோறும் ஒரு சிறு தொகையை அவரிடம் ஒப்படைத்து வந்தாள். கணவன் குடிப்பழக்கம் உள்ளவன். வீட்டில் காசு தங்காது. முதல் நாளே அவள் கேட்டுக்கொண்டாள்: "மொதலாளி, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச கணக்கா இருக்கட்டும். அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிசம் சாராயக் கடைக்குப் போயிரும்."

"கவலப்படாத தங்கச்சி. என் கொப்பிக்கு வாய் கெடையாது" என்று அவரும் வாக்களித்துவிட்டார்.

இப்போது அவர் என்ன செய்வார்? வாய் திறந்தால் மகன் தப்புவான். தாயின் நம்பிக்கை போய்விடும். மௌனம் சாதித்தால் வாக்கு நிலைக்கும். நிரபராதி விலங்கு பூணுவான். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு. உண்மைக் கள்வனை அவரே கண்டுபிடிக்க வேண்டும். அவர் மீண்டும் கொப்பியைப் புரட்டுகின்றார். கடன் தீர்த்தவனை எல்லோரும் பார்த்தார்கள். கடன் வாங்குவதை நிறுத்தியவனை யாரும் பார்க்கவில்லை. வாரந்தோறும் சுருட்டையும் கடனுக்கே வாங்கி வந்த ஓர் ஆசாமி, இந்த வாரம் மட்டும் கையிருப்பில் வாங்கியிருக்கின்றார். கொடுத்த நோட்டோ, மடிப்புக் கலையாத புது நோட்டு. அன்று லயத்துக்குள் அத்தகைய நோட்டு புழங்கவே நியாயமில்லை; முற்பணம்தான் இன்னும் பங்கிடப்படவில்லையே!

கடைக்காரர் ஏன் துப்பறிய வேண்டும் என்ற கேள்விக்கு இதுவே விடை. அவர் ஆவலினால் துப்பறிபவரல்லர். பிறர் இரகசியங்களைச் சுமப்பவராதலால், அந்தச் சுமை அவரை இறங்கச் செய்கின்றது.

கொப்பியின் மறுபக்கம்

ஆயினும் நம் மலைநாட்டுக் கடைக்காரரை நாவலின் நாயகராக்குமுன், அவரையும் ஒருமுறை விசாரித்தாக வேண்டும். சார்ள்ஸ்டன் நகரத்துத் தேயிலைக் கடைக்கு வருபவர் விரும்பினால் வரலாம். விரும்பாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். தோட்டத்துத் தொழிலாளியின் நிலை அதுவாக இருக்கவில்லை.

1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், அதன்பின் நோய் பீடித்துக் கோப்பி அழிந்ததும், தேயிலை மலையெங்கும் பரவியதும் நாமறிந்த சரித்திரம். கிளாஸ்கோ நகரில் 1871-இல் மளிகைக் கடை திறந்த தோமஸ் லிப்டன், 1890-இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கியதையும் நாமறிவோம். கடைக்காரர் தோட்ட முதலாளியான கதை அது. தோட்டத்திற்குள்ளேயோ வேறொரு கடைக் கதை நடந்துகொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியே பல இடங்களில் கடையையும் தம் கையில் வைத்திருந்தார். வழிச்செலவுக் கடன், அரிசிக் கடன், துணிக் கடன் என்று ஏறிய கணக்கு எளிதில் இறங்கியதில்லை. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிக்கின்றோம் என்று எழுதிக் கொடுத்த 'துண்டு' என்னும் சீட்டு முறையால், கடனோடு சேர்ந்து தொழிலாளியும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குக் கைமாறினார். அம்முறையை ஒழிக்க 1921-இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது. 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே குறைந்தபட்சச் சம்பளம் என்ற பாதுகாப்பு வந்தது.

அந்த நாட்களில் எழுத்தறியாத தொழிலாளி, கொப்பியில் என்ன எழுதப்பட்டது என்பதைப் படித்துப் பார்க்க முடியவில்லை. தராசின் முள் எங்கே நின்றது என்று கேட்கும் துணிவும் அவருக்கு எளிதில் வரவில்லை. ஆகவே மலைநாட்டு மர்ம நாவலில் முதல் சந்தேக நபர், துப்பறியும் கடைக்காரரின் கொப்பியாகவே இருக்க வேண்டும். தம் தராசைத் தாமே சரிபார்த்துக்கொண்ட பின்னரே அவர் பிறர் குற்றத்தை நிறுக்கத் தகுதி பெறுவார். இந்த நெருக்கடி மேல்நாட்டு இதமான கதைகளில் அநேகமாக இல்லை. நமக்கு அது குறையன்று; நம் கதைக்கு ஆழம் தரும் கொடை.

அதே கொப்பிக்கு மற்றொரு முகமும் உண்டு. 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கோரியவர்கள், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவில்லாத, பத்திரம் சேர்த்து வைக்க அலுமாரி இல்லாத மக்கள் எதைக் காட்டி நிரூபிப்பார்கள்? பெயரும் தேதியும் இட்டு எழுதிய பழைய கடன் கொப்பியொன்று, ஒரு கடையின் பரணிலிருந்து இறங்கி வருவதாக ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்தால் எப்படியிருக்கும்? தாத்தனைக் கட்டிப்போட்ட அதே காகிதம், 'இவர் இங்கேதான் வாழ்ந்தார்' என்று பேரனுக்குச் சாட்சி சொல்கின்றது. இதைவிடச் சிறந்த தடயத்தை எந்த மர்மக்கதை தர முடியும்? 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்களும், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இறுதியாக உரிமை பெற்றவர்களும் உள்ள சமுதாயத்தில் அத்தகைய கதை வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாது.

எந்த ஒழுங்கு திரும்ப வேண்டும்?

இதமான மர்மக்கதையின் முடிவில் ஊர் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும். கெட்டவர் ஒருவர் அகற்றப்படுவார். மற்றவர் தேநீர் அருந்துவர். நம் மலைகளில் இந்த முடிவை அப்படியே ஏற்க முடியுமா?

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். யார் கையிலிருந்து குண்டு புறப்பட்டதென்பதைவிட, அந்நிலைமைக்குப் பொறுப்பாளி யார் என்பதே பெருங்கேள்வியாயிற்று. விசாரணைக் குழு அமைந்தது. அதனையொட்டி மூண்ட தகராறு அன்றைய மந்திரிகள் ராஜிநாமாச் செய்யும் அளவுக்கு முற்றியது. அத்தகைய மரணங்களை இதமான கதையாக்குவது தகாது. அதை எவரும் முயலவும் வேண்டாம். ஆனால் அந்த நினைவு உள்ள மண்ணில் எழுதப்படும் கதை, 'திருட்டா? லயத்தில் தேடு' என்ற பழைய வழக்கத்தை ஒரு முறையாவது எதிர்த்து நிற்க வேண்டும். சந்தேகம் முதலில் எளியவர் மேலேயே ஏன் விழுகின்றது என்ற கேள்வியைக் கேட்காத துப்பறிவாளர், நம் மலைகளில் பாதித் துப்பறிவாளரே.

மலையக எழுத்து இதுவரை வறுமையையும் உழைப்பையும் உரிமையையும் நேருக்கு நேர் நின்று பேசி வந்திருக்கின்றது. ஸி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களும், கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யும், தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'யும் இட்ட பாதை அது. அப்பாதையின் ஓரத்தில் ஒரு கடை வைப்பதால் பாதைக்கு இழுக்கு ஏதுமில்லை. புத்தகத்தின் பக்கம் திரும்பாத இளைஞனையும், நாள் முழுதும் மலையேறிக் களைத்த தாயையும் ஒரு மர்மம் தன்பால் இழுத்துவிடும். அந்த ஆவலோடு ஆவலாக, தங்கள் ஊரும் தங்கள் பேச்சும் தங்கள் நியாயமும் அச்சில் வந்திருப்பதை அவர்கள் காண்பார்கள்.

எழுத விரும்பும் இளைஞர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கதைக்கு முன்பாக ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் அதன் பெஞ்சில் அமர்ந்து, என்ன பொருள் எந்த நாளில் விற்கின்றது என்று கவனியுங்கள். தடயங்களை வாசகரிடமிருந்து ஒளிக்காதீர்கள். சவர்க்காரக் கட்டியோடும் நெருப்புப் பெட்டியோடும் சேர்த்து அவர் கண்முன்னாலேயே வைத்துவிடுங்கள். குற்றவாளிக்கும் ஒரு தாய் உண்டு என்பதை மறவாதீர்கள். உங்கள் கடைக்காரர் கெட்டிக்காரராக இருப்பது முக்கியந்தான். அவர் தராசு நேராக இருப்பது அதனினும் முக்கியம்.

உண்மையை எடைபோட முதலில் நேர்மையான தராசு வேண்டும். அந்தத் தராசு நம் கடைத்தெருவில் இருக்கின்றதா என்று தேடிக் கண்டுபிடிப்பதே, மலைநாட்டின் முதல் துப்பறியும் கடைக்காரர் எடுத்து நடத்த வேண்டிய முதல் வழக்கு.